சீனிக்குப் போன நல்ல பெயர்

இதை உட்கார்ந்துகொண்டு படிக்கிறீர்கள் என்றால் ஒரு நிமிடம் எழுந்து நில்லுங்கள். நின்றாயிற்றா? ஒன்றும் ஆகவில்லையே? அந்த 'ஒன்றும் ஆகவில்லை'தான் எனக்கு இருபத்தாறு வருடம் சோறு போட்டது.

நீங்கள் எழுந்த கணத்தில் ஒரு சொம்பு ரத்தம் கால் பக்கம் இறங்கப் பார்க்கிறது. உங்களைக் கேட்காமலேயே நரம்புகள் ரத்தக்குழாய்களை இறுக்கி, இதயத்தை ஒரு தட்டுத் தட்டி, அதை மேலேயே நிறுத்திவைக்கின்றன. நீங்கள் பாட்டுக்கு ஸ்கூட்டர் சாவியைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். இந்த உபகாரம் யாருக்கு நின்றுபோகிறதோ அவர்கள்தான் ஆஸ்பத்திரியில் நம் அறைக்கு வருகிறார்கள். கதவில் ஆங்கிலத்தில் என்னவோ நீளமாக எழுதியிருக்கும். வார்டு ஆட்களுக்கு அது 'உட்டக் பைட்டக் ரூம்'. அதாவது தோப்புக்கரண அறை. ஆளைப் படுக்க வைப்பது, எழுப்பி நிறுத்துவது, மூச்சை இழுக்கச் சொல்வது, விடச் சொல்வது. வெளியிலிருந்து எட்டிப் பார்க்கிறவர்களுக்கு நாம் தண்டனை கொடுக்கிற மாதிரிதான் தெரியும்.

டிப்ளமோ முடித்து, ரயிலில் வந்து, மராத்தி பேசும் இந்தச் சிஞ்ச்வட்டில் இறங்கி, இந்த அறைக்குள் புதிதாக நுழைந்திருக்கும் உங்களுக்கு இயந்திரத்தை இயக்க நான் சொல்லித்தரப் போவதில்லை. அதற்குப் புத்தகம் இருக்கிறது, போதாததற்கு அதை விற்ற கம்பெனிக்காரரும் இருக்கிறார். நான் சொல்ல வருவது பதற்றத்தைப் பற்றி. அதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு.

முன்னுரையாக ஒன்று. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆஸ்பத்திரியில் தீ மணி அடித்தது. நான் ரத்த அழுத்தக் கருவியை மார்போடு அணைத்துக்கொண்டு மூன்று மாடி ஓடி இறங்கினேன். இறங்கிய பிறகுதான் பார்த்தேன், என் பின்னாலேயே நோயாளியும் மூச்சு வாங்க ஓடி வந்திருந்தார். வராமல் என்ன செய்வார்? கருவியின் பட்டை அவர் கையில் சுற்றியிருந்தது, குழாய் என் கையில். நோயாளியைக் கைவிடாமல் காப்பாற்றிய ஊழியர் என்று அன்றைக்கு எனக்குப் பாராட்டு கிடைத்தது. நானும் மறுக்கவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அவர் பெயரை மாற்றி சாலமன் என்று வைத்துக்கொள்கிறேன். தேஹு ரோட்டில் ராணுவக் கிடங்கில் ஸ்டோர் குமாஸ்தா. திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம், இரண்டு தலைமுறையாகக் கண்டோன்மெண்ட் ஓரத்திலேயே குடியிருப்பவர்கள். ஐம்பத்திரண்டு வயது. சர்க்கரை வந்து பதினெட்டு வருடம், இன்சுலின் போட ஆரம்பித்து ஏழு வருடம். மனைவி ரூபி, டீச்சர்.

சாலமனுக்கு இருந்த தொல்லை இதுதான். காலையில் ஊசி போட்டுக்கொண்டு, சாப்பிட்டுவிட்டு, ஷேர் ஆட்டோவுக்காகத் தெருமுனையில் போய் நிற்பார். நின்றபடியே சரிந்துவிடுவார். வாரத்தில் ஒரு நாள், சில வாரம் இரண்டு நாள். ரூபி ஓடிவந்து, கைப்பையில் எப்போதும் வைத்திருக்கும் சீனியை அவர் வாயில் போடுவார். இரண்டு நிமிடத்தில் கண் திறப்பார். வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சோதித்தால் மீட்டர் இருநூறுக்கு மேல் காட்டும். சீனி வேலை செய்துவிட்டது என்று எல்லோருக்கும் நிம்மதி. இன்சுலின் போடுகிறவர் மயங்கினால் சர்க்கரை தாழ்ந்துவிட்டது என்பதுதானே யாருக்கும் முதலில் தோன்றும்? அவருடைய பழைய டாக்டரும் அப்படியே நினைத்தார். ஒவ்வொரு மயக்கத்துக்கும் இன்சுலினைக் கொஞ்சம் குறைத்தார். குறைக்கக் குறைக்க மற்ற நேரமெல்லாம் சர்க்கரை ஏறியது. ஏறிய சர்க்கரையில், வலது காலில் பெருவிரலுக்கு அடுத்த விரலில் ஷூ கடித்து வந்த ஒரு சின்னப் புண் ஆறவில்லை. மூன்று மாதமாக ஆறவில்லை. கறுக்க ஆரம்பித்தது. விரலை எடுத்துவிடலாம் என்று சர்ஜன் தேதி கொடுத்துவிட்டார்.

வரப்போகும் திங்கட்கிழமை. எங்களிடம் வந்தது அதற்கு முந்தைய வியாழக்கிழமை.

எங்களிடம் அது அவருக்கு இரண்டாவது முறை. ஒரு மாதம் முன்னால் வந்தபோது நான்தான் பரிசோதனை செய்தேன். அந்த ரிப்போர்ட் எங்கள் டாக்டர் மேடத்துக்குப் பிடிக்கவில்லை. மேடம் என்னைவிடப் பதினோரு வயது இளையவர், என்னைவிடப் பதினோரு மடங்கு நிதானமானவர். அவர் சொன்னது: இதயத்துடிப்பு கல் மாதிரி இருக்கிறது, மூச்சை இழுத்தாலும் விட்டாலும் மாறவில்லை, ஆக நரம்பு கெட்டிருக்கிறது. ஆனால் எழுந்து நிற்கும்போது அழுத்தம் கொஞ்சம்தான் இறங்குகிறது. இவ்வளவு சின்ன இறக்கத்துக்கு ஒரு ஆள் தெருவில் விழ மாட்டார். எங்கேயோ இடிக்கிறது, திரும்பச் செய்து பாருங்கள்.

நம் அறையின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். நோயாளி வெறும் வயிற்றோடு வரவேண்டும். டீ கூடாது, பீடி கூடாது, காலை இன்சுலின் கூடாது. எல்லாம் முடிந்த பிறகு வராந்தாவில் உட்கார்ந்து ஊசி போட்டுக்கொண்டு, கொண்டுவந்த சாப்பாட்டு டப்பாவைத் திறக்கலாம். எல்லோரையும் ஒரே நிலையில் சோதிக்க வேண்டுமே என்று வைத்த ஒழுங்கு அது. நல்ல ஒழுங்குதான். 'கடைசியாக இன்சுலின் போட்டது' என்ற கட்டத்தில் எல்லோருக்கும் 'நேற்று இரவு' என்றுதான் வரும். அதனால் நான் காலையில் வந்ததும் அன்றைக்குரிய எல்லாத் தாள்களிலும் 'நேற்று இரவு' என்று எழுதி அடுக்கிவைத்துவிடுவேன். அதைச் சுறுசுறுப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை என்றால் எங்கள் பக்கம் தொழிற்சாலைகளுக்கு விடுமுறை, பராமரிப்பு என்று மின்சாரம் போய்ப் போய் வரும். அன்று போன மின்சாரம் ஒரு உதை உதைத்துவிட்டுத் திரும்பி வந்தது. நம் ரெக்கார்டர் படுத்துவிட்டது. சரிசெய்கிறவர் ஊரின் மறுகோடியிலிருக்கும் ஹடப்சரிலிருந்து வரவேண்டும். ஹடப்சரிலிருந்து சிஞ்ச்வட் வரை டிராஃபிக்கில் வருகிற மனிதரைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல மாட்டேன், பாவம்.

எட்டு மணிக்கு வந்த சாலமன் ஒன்பதரை வரை காத்திருந்தார். அவர் காலில் முன்பக்கம் வெட்டிவிட்ட ஒரு பழைய ஷூ. கட்டுப் போட்ட விரல் அதிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "பத்துல ஒண்ணு போனா ஒம்பது சார். பாஸ் மார்க்குதான்" என்றார். ரூபி சிரிக்கவில்லை. தன் கையிலிருந்த டப்பாவையும் சுவர்க் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், அவியளுக்கு ஊசி போட்டு அர மணி நேரம் கழிச்சுத்தான் சாப்பாடு. இப்பமே மணி ஒம்பதரை. இதுக்கும் மேல நேரமாச்சுன்னா சுகர் ஏறிரும். புண்ணு எப்படி ஆறும், சொல்லுங்க."

ஒழுங்காகப் பார்த்தால் நான் சொல்லியிருக்க வேண்டியது: ஊசி போட்டுச் சாப்பிடுங்கள், வேறு தேதி தருகிறேன். ஆனால் அடுத்த தேதி மூன்று வாரம் தள்ளித்தான் இருந்தது. விரலுக்கு இருந்தது நான்கு நாள். அந்தச் சமயம் பார்த்து ஹடப்சர்க்காரர் வேர்த்து விறுவிறுத்து வந்து, எதையோ கழற்றி மாட்டி, இயந்திரத்துக்கு உயிர் கொடுத்துவிட்டார். என் மூளையில் ஒரு யோசனை உதித்தது. ஊசிக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில் அரை மணி நேரம் சும்மாதானே உட்கார்ந்திருக்கப் போகிறார்? வராந்தாவில் உட்காருகிறவர் என் அறையில் படுத்திருக்கட்டுமே?

"ஊசியப் போட்டுட்டு உள்ள வாங்க. நீங்க டப்பாவத் தெறக்கறதுக்குள்ள நம்ம வேலையும் முடிஞ்சிடும்" என்றேன்.

ரூபியின் முகத்தில் வந்த நன்றியைப் பார்த்து எனக்கே என் மேல் மரியாதை வந்துவிட்டது. அவர் ஊசி போட்டார், கைபேசியில் அரை மணிக்கு அலாரம் வைத்தார். நான் தாளை எடுத்தேன். அதில் 'நேற்று இரவு' என்று ஏற்கனவே இருந்தது. திருத்தினால் ஒழுங்கை மீறியது தெரிந்துவிடும். திருத்தவில்லை.

பொறுமையாகப் படுக்க வைத்து, மூச்சுப் பரிசோதனை முடித்து, கை இறுக்கும் பரிசோதனை முடிப்பதற்குள் வெளியே ரூபியின் அலாரம் அடித்தது. கதவைத் தட்டினார். நான் உள்ளேயிருந்தே "அஞ்சே நிமிஷம்மா" என்றேன். ஆட்டோக்காரர் சொல்லும் அஞ்சு நிமிடம் மாதிரிதான் அதுவும். பதினைந்து நிமிடம் ஆனது. கடைசியாக எழுந்து நிற்கும் பரிசோதனை. அறையில் நான், சாலமன், வார்டு உதவிக்கு வரும் மாவ்ஷி. மராத்தியில் சித்தி என்று அர்த்தம். நம் ஆஸ்பத்திரியில் உதவிக்கு இருக்கும் பெண்களை அப்படித்தான் கூப்பிடுவோம். என்னை எல்லோரும் காகா என்பார்கள், சித்தப்பா. குடும்பமாகத்தான் வேலை பார்த்தோம்.

படுத்திருந்தபோது மேல் அழுத்தம் நூற்று நாற்பது. எழுந்து நின்று ஒரு நிமிடத்தில் நூற்றுப் பத்து. போன மாதம் இவ்வளவு இறங்கவில்லையே என்று நான் நினைத்து முடிப்பதற்குள் இரண்டாவது நிமிடத்தில் எழுபத்தெட்டு.

சாலமன் மிகவும் சாதாரணமான குரலில், "சார், கண்ணு முன்னால திரை போட்ட மாதிரி வருது" என்றார். அப்படியே மடிந்தார்.

நானும் மாவ்ஷியும் பிடித்துவிட்டோம். கட்டிலில் கிடத்தினோம். அதுவரை சரியாகத்தான் நடந்தது. அதற்குப் பிறகு என் மண்டைக்குள் ஒரே வாக்கியம்: வெறும் வயிற்றில் ஊசி போட வைத்து முக்கால் மணி நேரம் பட்டினி போட்டது நீ.

மேஜையிலிருந்த குளுக்கோஸ் பொட்டலத்தைப் பல்லால் கிழித்தேன். அது பாதியில் பிளந்து வெடித்தது. சாலமனின் மீசை வெள்ளையானது. அவருடைய வலது கை முழுக்க மாவு. என் தலையில், சட்டையில், கண்ணாடியில் மாவு. மிச்சமிருந்ததை ஒரு கரண்டியில் குவித்து அவர் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். நினைவில்லாத ஆளின் வாயில் எதையும் போடக் கூடாது, மூச்சுக்குழாயில் போய் அடைக்கும். இதை நான் புதிதாக வந்தவர்களுக்குப் படம் போட்டுச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். மாவ்ஷி எட்டாவது வரை படித்தவர், எந்தப் படமும் பார்த்ததில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துக் கரண்டியைப் பிடுங்கிக் கீழே போட்டார். பிறகு ஒரு தலையணையை எடுத்து சாலமனின் கால்களுக்கு அடியில் வைத்தார். என்னைப் பார்த்து, "காகா, காபரூ நகா" என்றார். பயப்படாதீங்க என்று அர்த்தம். அதுவரை நோயாளிகளிடம் மட்டும் அவர் சொல்லி நான் கேட்ட வாக்கியம் அது.

மேடத்தைக் கூப்பிட மாவ்ஷி ஓடினார். நான் மீட்டரை எடுத்தேன். சாலமனின் வலது கை விரலில் குத்தி, ரத்தத்தை வைத்தேன். மீட்டர் எண்ணே காட்டவில்லை. அளக்க முடியாத அளவுக்கு அதிகம் என்று எழுதிக் காட்டியது. சர்க்கரை தாழ்ந்து ஒரு மனிதரைக் கொன்றுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தவனுக்கு, சர்க்கரை ஏறியும் கொன்றிருக்கிறேன் என்று தெரிந்தால் எப்படி இருக்கும்? ஒரே ஆளை இரண்டு திசையிலும் கொன்ற முதல் ஊழியர் நான்தான் என்று தோன்றியது.

அப்போது ஒன்றைக் கவனித்தேன். திரையில் சாலமனின் இதயத்துடிப்பு எண்பத்தெட்டு. படுத்திருந்தபோது எண்பத்தெட்டு, நின்றபோது எண்பத்தெட்டு, விழுந்தபோதும் எண்பத்தெட்டு. அலுங்காமல் குலுங்காமல். என்னுடையதோ காதுக்குள் ஊர்வலத்து டோல் தாஷா மேளமாக அடித்துக்கொண்டிருந்தது. அந்த அறையில் இருந்த இரண்டு இதயங்களில் விஷயத்துக்குத் தகுந்தபடி பயந்தது என்னுடையது மட்டும். அவருடையதற்குப் பயப்படச் சொல்லிச் செய்தி போகும் வழியே அறுந்து கிடந்தது.

மேடம் உள்ளே வந்தார். வெள்ளை மீசை சாலமனைப் பார்த்தார், வெள்ளைத் தலை என்னைப் பார்த்தார், மீட்டரைப் பார்த்தார். ஹிந்தியில் ஒரே வாக்கியம் சொன்னார்: முதலில் கையைக் கழுவுங்கள், அவர் கையையும் உங்கள் கையையும்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. குளுக்கோஸ் மாவு அப்பிய விரலில் குத்திவிட்டு, மீட்டர் மாவை அளந்ததைச் சாலமனின் ரத்தம் என்று நம்பியிருக்கிறேன். உண்மையில் என்ன நடந்தது என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சியை என் கையாலேயே கலைத்துவிட்டேன்.

அவருடைய இடது கையைத் தண்ணீரில் கழுவி, துணியால் ஒற்றி, காய்ந்த பிறகு குத்தினேன். மீட்டர் எண்ணிக் காட்டும் அந்த ஐந்து விநாடியில் நான் விடுப்பு விண்ணப்பம், ராஜினாமா இரண்டையும் மனதில் எழுதி முடித்திருந்தேன்.

நூற்று எழுபத்தொன்று.

தாழ்வும் இல்லை, ஆபத்தான உயர்வும் இல்லை. அந்த நேரத்தில் சாலமன் கண்ணைத் திறந்திருந்தார். படுத்தபடி அழுத்தம் நூற்று முப்பது. நாக்கால் மீசையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "யார் சார் பவுடர் போட்டது?" என்றார்.

அதைக் கேட்டு எனக்கு வந்த சிரிப்பை அழுகை என்று நினைத்து மாவ்ஷி தண்ணீர் கொடுத்தார். எது என்று எனக்கும் இன்றுவரை நிச்சயமில்லை.

ஆள் பிழைத்தார், அத்தோடு கதை முடிந்தது என்று நான் மூச்சு விட்டேன். மேடம் விடவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என் தாளை எடுத்துக்கொண்டு சத்தமாகவே யோசித்தார். கண் திறக்கும்வரை இந்த மனிதர் வாயில் ஒரு பொட்டுக்கூட சர்க்கரை போகவில்லை, மாவ்ஷி புண்ணியத்தில். சர்க்கரை தாழவும் இல்லை. ஆனாலும் எப்போதும் போல விழுந்தார், எப்போதும் போல இரண்டு நிமிடத்தில் எழுந்தார். அப்படியென்றால் தெருமுனையிலும் அவரை எழுப்பியது சீனி இல்லை, கீழே விழுந்து படுத்துக் கிடந்ததுதான். படுத்தால் ரத்தம் தலைக்கு வந்துவிடுகிறது. சீனி சும்மா கூட நின்று நல்ல பெயர் வாங்கிக்கொண்டிருக்கிறது. அதுவரைக்கும் சரி. ஆனால் போன மாதம் இதே அறையில், இதே கட்டிலிலிருந்து எழுந்து ஐந்து நிமிடம் கம்பீரமாக நின்றாரே? இன்றைக்கு மட்டும் என்ன?

தாளில் 'நேற்று இரவு' என்ற இடத்தில் அவர் விரல் நின்றது. ரூபியை உள்ளே கூப்பிட்டு, இன்று வீட்டிலிருந்து கிளம்பியதிலிருந்து வித்தியாசமாக ஏதாவது நடந்ததா என்று ஹிந்தியில் கேட்டார்.

ரூபி என்னைப் பார்த்தார். நான் செய்த உதவிக்கு என்னைக் காட்டிக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. "குச் நஹி மேடம்" என்றார். ஒன்றுமில்லை.

உங்களுக்குச் சொல்ல நினைத்த இடம் இதுதான். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? எனக்கு ஒன்றும் ஆகியிருக்காது. தாள் ஒழுங்காக இருக்கிறது. நோயாளியின் மனைவியே சாட்சி. காரணம் புரியவில்லை என்று மேடம் எழுதுவார். திங்கட்கிழமை விரலை எடுப்பார்கள். அடுத்த வருடம் பக்கத்து விரல். வெட்டிவிட்ட ஷூவிலிருந்து அந்தக் கட்டுப் போட்ட விரல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

"ஊசி போட்டாச்சு மேடம், இங்கே வந்து, நான் சொல்லித்தான்" என்று உளறிக் கொட்டினேன். ஒழுங்கை மீறியது, தாளைத் திருத்தாதது, காலையிலேயே மொத்தமாக எழுதிவைப்பது, அலாரம், அஞ்சு நிமிடம், எல்லாம். நடுவில் தேவையே இல்லாமல் தீ மணிக் கதையையும் சொல்லிவிட்டேன்.

மேடம் திட்டுவார் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றேன். அவர் கேட்டது, "கித்னே பஜே?" எத்தனை மணிக்கு? எனக்குத் தெரியவில்லை. ரூபிதான் கைபேசியைக் காட்டினார். அரை மணி அலாரம் பத்து அஞ்சுக்கு அடித்திருக்கிறது. ஆக, ஊசி ஒன்பது முப்பத்தைந்துக்கு. விழுந்தது பத்து இருபதுக்கு. மேடம் சாலமனிடம், வீட்டில் ஊசி போட்டு எவ்வளவு நேரத்தில் தெருமுனையில் நிற்பீர்கள் என்று கேட்டார். சாலமன் விரல் விட்டு எண்ணி, "முக்கா மணி நேரம் இருக்கும்" என்றார்.

மேடத்தின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது பாருங்கள். தொலைந்த சாவி கிடைத்தவர் முகம் அது.

அவர் எங்களுக்குச் சொன்னதை நான் என் பாணியில் சொல்கிறேன். இன்சுலினுக்கு சர்க்கரை மட்டுமே வேலை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது ரத்தக்குழாய்களையும் தளர்த்துகிறது. அதே சமயம் மூளைக்கும் போய், கீழே தளர்த்தியிருக்கிறேன், நீ நரம்பு வழியாக இறுக்கிவிடு என்று தகவல் கொடுக்கிறது. நம் ஹவுசிங் சொசைட்டியில் ஒருவர் எல்லாக் குழாயையும் திறந்துவிட்டு, உடனே வாட்ச்மேனுக்குப் போன் போட்டு மோட்டாரையும் போடச் சொல்கிற மாதிரி. தண்ணீர் குறைந்தது யாருக்கும் தெரியாது. சாலமனுக்குப் பதினெட்டு வருட சர்க்கரையில் அந்தப் போன் லைன் அறுந்துவிட்டது. குழாய் திறக்கிறது, மோட்டார் ஓடுவதில்லை. மேல் மாடிக்குத் தண்ணீர் ஏறாது. மேல் மாடி என்றால் தலை.

அதனால்தான் இன்சுலின் போடாமல் வந்த போன மாதம் அவர் கம்பீரமாக நின்றார். நம் அறையின் நல்ல ஒழுங்கே அவருடைய நோயை நம் கண்ணிலிருந்து மறைத்துவைத்திருந்தது. நான் மீறியதால் அது வெளியே வந்தது. இதிலிருந்து ஒழுங்கை மீறலாம் என்று பாடம் எடுத்துக்கொள்கிறவர்களை நான் வீடு தேடி வந்து உதைப்பேன். நான் மீறியது அதிர்ஷ்டம். மீறியதை ஒத்துக்கொண்டதுதான் வேலை.

மறுநாள் வெள்ளிக்கிழமை மேடமே பக்கத்தில் நின்று, எல்லாத் தயாரிப்போடும் திரும்பச் செய்தார். ஊசிக்கு முன்னால் நிறுத்தி ஒரு அளவு, ஊசிக்குப் பின்னால் நிறுத்தி ஒரு அளவு, கழுவின கையில் அடிக்கடி சர்க்கரை. சர்க்கரை நன்றாக இருக்கும்போதே அழுத்தம் சரிந்தது. இந்த முறை கண் இருட்டும் முன்பே படுக்க வைத்துவிட்டோம். அன்று சாயங்காலமே சர்ஜனுக்குக் கடிதம் போனது: இவருக்கு இன்சுலினைக் குறைத்தது தவறான காரணத்துக்காக, சரியான அளவு கொடுத்துப் பார்க்கிறோம், விரலுக்கு அவகாசம் கொடுங்கள். சர்ஜன் காலைத் திரும்பப் பார்த்துவிட்டு, மூன்று வாரம் தருகிறேன், ஆனால் இரண்டு நாளுக்கொரு தடவை என்னிடம் காட்ட வேண்டும் என்றார்.

இன்சுலின் படிப்படியாகப் பழைய அளவுக்கு ஏறியது. சாலமன் காலையில் போட்டுக்கொண்டிருந்த ரத்த அழுத்த மாத்திரையை மேடம் இரவுக்கு மாற்றினார். ஊசி போட்டபின் உட்கார்ந்தே இருக்க வேண்டும், எழும் முன்னால் இரண்டு டம்ளர் தண்ணீர், வயிற்றில் ஒரு இறுக்கப் பட்டை, காலை ஆட்டிவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும், ஆட்டோவுக்கு நின்றுகொண்டு காத்திருக்கக் கூடாது. தெருமுனை டீக்கடைக்காரர் சாலமனுக்கென்று ஒரு ஸ்டூல் போட்டார்.

ரூபி கைப்பையிலிருந்து சீனியை எடுத்து வீசப் போனபோது மேடம் தடுத்தார். நரம்பு கெட்டவருக்கு நிஜமாகவே சர்க்கரை தாழ்ந்தாலும் படபடப்பு வராது, வியர்க்காது, உடம்பு எச்சரிக்கை கொடுக்காது. அதனால் சீனியும் இருக்கட்டும், மீட்டரும் இருக்கட்டும். விழுந்தால் முதலில் படுக்க வை, காலைத் தூக்கு, கழுவின விரலில் பார், அப்புறம் முடிவு செய். நினைவு திரும்பாமல் வாயில் எதுவும் வேண்டாம், திரும்பவே இல்லை என்றால் ஆம்புலன்ஸ். இதைச் சொல்லும்போது மேடம் ரூபியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

என்ன நடந்தது என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார். நான்கு பக்கம் எழுதினேன். அதில் மூன்றரைப் பக்கம் என் மனநிலை. மேடம் அதை அடித்துவிட்டு, மிச்சத்தைக் கோப்பில் வைத்தார். எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதமும் வந்தது. நியாயமானதுதான். அத்தோடு தாளிலும் ஒரு புதுக் கட்டம் வந்தது: 'இன்று இன்சுலின் போட்ட நேரம், நோயாளியிடம் நேரில் கேட்டு எழுதியது'. நீங்கள் தினமும் நிரப்புகிறீர்களே, ஏன் இதற்கு மட்டும் 'காகா கட்டம்' என்று பெயர் என்று சிரிக்கிறீர்களே, அந்தக் காகா நான்தான். காலையில் வந்ததும் மொத்தமாக அதை நிரப்பி அடுக்கிவைக்கலாம் என்று கை அரிக்கும்போது, மாவில் குளித்த ஒரு மனிதனை நினைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று வாரம் மூன்று மாதம் ஆனது. நடுவில் இரண்டு தடவை எனக்கு நம்பிக்கை போய்விட்டது, சாலமனுக்குப் போகவில்லை. ஒரு நாள் வராந்தாவில் இருவரும் வந்து நின்றார்கள். சாலமன் காலில் வெட்டாத முழு ஷூ, புதியது, முன்பக்கம் அகலமானது. நான் குனிந்து பார்க்கப் போனபோது ரூபி தடுத்துவிட்டு, "எண்ணிப் பாக்காண்டாம் சார். பத்தும் இருக்கு" என்றார். முதல் தடவையாக அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

போன மாதம் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு கிளம்பினேன். ஐம்பத்தாறு வயதில் என்ன ஓய்வு என்று எல்லோரும் கேட்டார்கள். என் இதயம் ஏற்கனவே இரண்டு ஆள் வேலை பார்த்துவிட்டது என்று சொன்னேன். கூட்ட அறையில் சின்னதாக ஒரு வழியனுப்பு விழா. மேடம் பேசினார், என்னைப் புகழ்ந்த இரண்டு இடத்தில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். கைதட்டல் கேட்ட உற்சாகத்தில் நாற்காலியிலிருந்து விருட்டென்று எழுந்தேன்.

கடைசி வரிசையிலிருந்து சாலமனின் குரல் வந்தது. "சார், மொதல்ல உக்காருங்க. கால ஆட்டுங்க. தண்ணி குடிங்க. பைய எந்திரிங்க."

உட்கார்ந்தேன். காலை ஆட்டினேன். இருந்த தண்ணீரைக் குடித்தேன். பைய எழுந்து நின்றேன். ஒன்றும் ஆகவில்லை. பேச எழுதி மனப்பாடம் செய்து வந்தது மட்டும் மொத்தமாக மறந்துபோயிருந்தது. காதுக்குள் டோல் தாஷா ஆரம்பித்தது.

முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த மாவ்ஷி, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்:

"காகா, காபரூ நகா."